ஆக்சஸ் ஃபார்மில் பக்கம் விட்டுப் பக்கம் தாவ கீபோர்டு போதுமா?

கீழமாசி_கணக்கு கேட்டது:

வணக்கம். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் ஆக்சஸ் 2016-ல் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) பில் போடும் ஃபார்ம் ஓடுகிறது. ஃபார்மில் ஒரு டேப் கன்ட்ரோல், அதில் நாலு பக்கம்: பார்ட்டி, சரக்கு, லாரி, பாக்கி. சரக்குப் பக்கத்தில் மட்டும் சப்ஃபார்ம், அதாவது ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம். மிளகாய் வத்தல், மல்லி, புளி என்று வரிக்கு ஒரு சரக்கு. மூட்டை, எடை, விலை. மற்ற பக்கங்களில் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸும் காம்போவும்தான்.

பில் போடும் இரண்டு பேருக்கும் கை கீபோர்டில்தான் ஓடும். ஆனால் பக்கம் மாற ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தேட வேண்டியிருக்கிறது. பார்ட்டி பக்கத்தின் கடைசி ஃபீல்டில் டேப் கீயை அடித்தால் சரக்குப் பக்கத்துக்குப் போகாமல் அடுத்த பில்லுக்கே தாவிவிடுகிறது. சில நேரம் எடை அடித்துக்கொண்டிருக்கும்போதே பில் மாறிவிடுகிறது. டேபிளைத் திறந்து பார்த்தால் தேதி மட்டும் இருக்கிற வெற்று பில்கள் பத்துப் பன்னிரண்டு கிடக்கின்றன. என்டர் அடித்தால் ஒரு கம்ப்யூட்டரில் அடுத்த ஃபீல்டுக்குப் போகிறது, இன்னொன்றில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டிலும் ஒரே ஃபைல்தான்.

பக்கத் தலைப்பெல்லாம் தமிழில் இருக்கிறது. கன்ட்ரோல் கீயும் டேப் கீயும் சேர்த்து அடித்தால் பக்கம் மாறும் என்கிறார்கள். அதையே பழக்கிவிடலாமா, வேறு வழி உண்டா?


பரங்குன்றம்_டிபி பதில்:

கன்ட்ரோல்+டேப்பைப் பழக்காதீர்கள். அதற்கு இடத்துக்கு ஓர் அர்த்தம். டயலாக் பெட்டிக்குள் அடித்தால் அடுத்த டேப். சப்ஃபார்முக்குள் அடித்தால் சப்ஃபார்மை விட்டு வெளியேறிப் பிரதான ஃபார்மின் அடுத்த ஃபீல்டு. அடுத்த ஃபீல்டு இல்லையென்றால் அடுத்த ரெக்கார்டு, அதாவது அடுத்த பில். உங்கள் சரக்குப் பக்கத்தில் சப்ஃபார்மைத் தவிர வேறொன்றும் இல்லை என்றால் பில் கைவிட்டுப் போவதற்கு அதுவே போதும்.

டேப் கீ பக்கம் மாற்றாதது பிழையில்லை. ஆக்சஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டேப் ஆர்டர். ஒரு பக்கத்தின் கடைசி ஃபீல்டைத் தாண்டினால் டேப் கன்ட்ரோலுக்கு வெளியே அடுத்து என்ன இருக்கிறதோ அங்கே போகும். வெளியே ஒன்றும் இல்லையென்றால் ரெக்கார்டு மாறும். அடுத்த பக்கம் என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

முதல் காரியம்: ஃபார்மை டிசைன் வியூவில் திறந்து, எஃப்4 அடித்துப் ப்ராப்பர்ட்டி ஷீட்டை வரவழையுங்கள். மேலே ஃபார்ம் என்று தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். 'அதர்' பிரிவில் 'சைக்கிள்' என்று ஒன்று இருக்கும். அது 'ஆல் ரெக்கார்ட்ஸ்' என்று இருக்கும். 'கரன்ட் ரெக்கார்டு' ஆக்குங்கள். இனி டேப் கீ எத்தனை தடவை அடித்தாலும் அதே பில்லுக்குள்தான் சுற்றும். பாதித் தலைவலி இதிலேயே தீரும்.

அடுத்தது பக்கம் மாற்றும் கீ. எழுத்தைப் பிடிக்காதீர்கள், ஃபங்ஷன் கீ எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கம் இருப்பது வசதியாகப் போயிற்று. மேசைக் கீபோர்டில் எஃப்5 முதல் எஃப்8 வரை நாலும் ஒரே கொத்து, இரு பக்கமும் இடைவெளி. கண் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும். எஃப்5 பார்ட்டி, எஃப்6 சரக்கு, எஃப்7 லாரி, எஃப்8 பாக்கி. இந்த நாலுக்கும் ஆக்சஸில் ஏற்கனவே வேலை உண்டு: எஃப்5 கீழே இருக்கும் ரெக்கார்டு நம்பர் பெட்டிக்குப் போகும், எஃப்6 ஃபார்மின் பகுதி விட்டுப் பகுதி போகும், எஃப்7 ஸ்பெல்லிங் பார்க்கும், எஃப்8 செலக்‌ஷனை நீட்டும். பில் போடுகிறவருக்கு இதில் எதுவும் தேவைப்படாது. எஃப்2, எஃப்4 இரண்டையும் மட்டும் தொடாதீர்கள். எஃப்4 இல்லாமல் காம்போவைத் திறக்க ஆல்ட்+கீழ் அம்பு என்று ஒரு வழி இருந்தாலும், ஒரு கையால் அடிக்கிற சுகம் அதில் கிடையாது.

செய்முறை: அதே ப்ராப்பர்ட்டி ஷீட்டில் 'ஈவென்ட்' பிரிவின் அடியில் 'கீ பிரிவ்யூ' இருக்கும், அதை 'யெஸ்' ஆக்குங்கள். இதை மறந்தால் ஃபார்ம் மட்டத்தில் எழுதுகிற கோட் ஒன்றும் ஓடாது. கோட் தப்போ என்று அரை நாள் தேடுவீர்கள். பிறகு 'ஆன் கீ டவுன்' வரியில் 'ஈவென்ட் ப்ரொசீஜர்' தேர்ந்தெடுத்து, ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும் பட்டனை அழுத்தினால் கோட் ஜன்னல் திறக்கும். அங்கே இரண்டு மதிப்புகள் வரும். கீகோட் என்பது எந்தக் கீ. ஷிஃப்ட் என்பது கூட எது அழுந்தியிருக்கிறது (ஒன்றும் இல்லையென்றால் 0, ஷிஃப்ட் 1, கன்ட்ரோல் 2, ஆல்ட் 4). எஃப்5-ன் எண் 116, எஃப்6 117, எஃப்7 118, எஃப்8 119. ஷிஃப்ட் 0 ஆக இருந்து கீகோட் இந்த நாலில் ஒன்றாக இருந்தால், முதலில் கீகோடை 0 ஆக்குங்கள் (அந்தக் கீயின் பழைய வேலையை ஆக்சஸ் செய்யாது), அப்புறம் அந்தப் பக்கத்தின் முதல் ஃபீல்டுக்கு செட்ஃபோகஸ் (கர்சரை அங்கே கொண்டுபோகும் கட்டளை) கொடுங்கள். ஃபீல்டுக்கு ஃபோகஸ் போனாலே அது இருக்கும் பக்கம் தானாக முன்னால் வந்துவிடும். தனியாகப் பக்கத்தைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை.

வரிசை முக்கியம். செட்ஃபோகஸ் முன்னால், கீகோட் 0 பின்னால் என்று எழுதி, நடுவில் செட்ஃபோகஸ் தவறினால், பிழைச் செய்தியோடு எஃப்7-ன் ஸ்பெல்லிங் ஜன்னலும் சேர்ந்து வந்து நிற்கும்.

டேப் கன்ட்ரோலின் 'வேல்யூ'வை மாற்றியும் பக்கம் மாற்றலாம், ஆனால் அந்த எண் 0-லிருந்து தொடங்கும். முதல் பக்கம் 0, நாலாவது 3. நாளைக்கு யாராவது பக்க வரிசையை மாற்றினால் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். ஃபீல்டுக்கே ஃபோகஸ் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை.

சப்ஃபார்முக்கு மட்டும் இரண்டு படி. முதலில் சப்ஃபார்ம் கன்ட்ரோலுக்கு செட்ஃபோகஸ், அடுத்து அதற்குள் இருக்கும் சரக்கு ஃபீல்டுக்கு. சப்ஃபார்ம் கன்ட்ரோலின் பெயரும் உள்ளே இருக்கும் ஃபார்மின் பெயரும் வேறாக இருக்கலாம். கன்ட்ரோலின் பெயர்தான் வேண்டும். ப்ராப்பர்ட்டி ஷீட்டில் 'நேம்' பார்த்து எழுதுங்கள், 'சோர்ஸ் ஆப்ஜெக்ட்' பார்த்து எழுதாதீர்கள். சப்ஃபார்மில் இறங்கியதும் புது வரி வேண்டுமென்றால் கன்ட்ரோல் கீயும் ப்ளஸும்.

கோட் தொடவே வேண்டாம் என்று நினைத்தால் ஒரு வழி உண்டு. டேப் கன்ட்ரோலின் 'டேப் ஸ்டாப்' 'யெஸ்' என்று இருந்தால் டேப் கீ அடித்துக்கொண்டே வரும்போது ஃபோகஸ் தலைப்புப் பட்டையில் வந்து நிற்கும். அங்கே இடது, வலது அம்பு அடித்தால் பக்கம் மாறும், மறுபடி டேப் அடித்தால் பக்கத்துக்குள் இறங்கும். மெதுவான வழி, ஆனால் ஓடும்.


பழங்காநத்தம்_ரன்டைம் பதில்:

அண்ணன் சொன்னதோடு, நடுவில் பில் மாறுவதற்குச் சொல்கிறேன். நம்லாக் விளக்கைப் பாருங்கள்.

நம்லாக் அணைந்திருந்தால் வலது பக்க எண் தொகுதியில் 3 என்பது பேஜ் டவுன், 9 என்பது பேஜ் அப். எடை 39 என்று அடிக்கிறார் என்று வையுங்கள். 3 அடித்ததும் பேஜ் டவுன். ஃபார்ம் ஒரே பக்க உயரமாக இருந்தால் அடுத்த பில். 9 அடித்ததும் பேஜ் அப், பழைய பில்லுக்கே வந்துவிடும். திரையில் ஒரு வெட்டு மட்டும் தெரியும், எடை ஃபீல்டில் ஒன்றும் விழுந்திருக்காது. 33 கிலோ என்று அடித்தால் இரண்டு பில் தள்ளிப் போயிருப்பார். கரன்ட் போய் வந்து மெஷின் மறுபடி கிளம்பும்போது நம்லாக் அணைந்தே வரலாம், அதனால்தான் தினமும் நடக்காமல் சில நாள் மட்டும் நடக்கிறது.

அதே கீடவுன் கோடில், ஷிஃப்ட் 0 ஆக இருக்கும்போது கீகோட் 33 அல்லது 34 வந்தால் 0 ஆக்கிவிடுங்கள். 33 பேஜ் அப், 34 பேஜ் டவுன். நம்லாக் இல்லாத 9-க்கும் 3-க்கும் அதே எண்கள்தான் வரும். இனி 3 அடித்தால் ஒன்றும் நடக்காது. எண் விழவில்லையே என்று அவரே விளக்கைப் பார்ப்பார். ஷிஃப்ட் 0 என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். கன்ட்ரோல்+பேஜ் டவுன் அடுத்த பில், கன்ட்ரோல்+பேஜ் அப் முந்தைய பில் என்பது நல்ல ஷார்ட்கட், அது உயிரோடு இருக்கட்டும்.

வெற்று பில்லுக்குக் காரணம் வேறு. கடைசி பில்லைத் தாண்டினால் ஆக்சஸ் புது ரெக்கார்டுக்குப் போகும். சும்மா எட்டிப் பார்த்தால் எதுவும் சேவ் ஆகாது. உங்களுக்குத் தேதியோடு சேவ் ஆகிறது என்றால், 'ஆன் கரன்ட்' ஈவென்டில் யாரோ தேதி ஃபீல்டுக்கு மதிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எழுதிய நொடியே ரெக்கார்டு அழுக்காகிவிடும் (மாறிவிட்டது, சேவ் ஆகவேண்டும் என்று ஆக்சஸ் எடுத்துக்கொள்ளும்), அங்கிருந்து நகர்ந்தால் சேவ். அந்த வரியை எடுத்துவிட்டு, தேதி ஃபீல்டின் 'டீஃபால்ட் வேல்யூ'வில் இன்றைய தேதியைத் தரும் ஃபங்ஷனை வையுங்கள். டீஃபால்ட் காட்டுவதால் மட்டும் ரெக்கார்டு பிறக்காது.

பில் நம்பருக்கு ஆட்டோநம்பர் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அடிக்க ஆரம்பித்துவிட்டு எஸ்கேப் அடித்து ரத்து செய்தாலும் அந்த எண் போனது போனதுதான், திரும்பி வராது. ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் எண் தொடர் வரிசையாகவும் 16 எழுத்துக்கு மிகாமலும் இருக்கச் சொல்கிறது. உள்ளே அடையாளத்துக்கு ஆட்டோநம்பர் இருக்கட்டும், பில் நம்பர் தனி ஃபீல்டாக இருக்கட்டும்.

என்டர் விஷயம் ஃபைலில் இல்லை, மெஷினில் இருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கிளையன்ட் செட்டிங்ஸ் போனால் 'மூவ் ஆஃப்டர் என்டர்' என்று மூன்று தேர்வு: நகராதே, அடுத்த ஃபீல்டு, அடுத்த ரெக்கார்டு. அது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனி. இரண்டிலும் 'நெக்ஸ்ட் ஃபீல்டு' ஆக்குங்கள். அதே இடத்தில் ஃபீல்டுக்குள் நுழைந்ததும் முழுதும் தேர்வாக வேண்டுமா, அம்பு கீ எழுத்தெழுத்தாக நகர வேண்டுமா ஃபீல்டு ஃபீல்டாகப் போக வேண்டுமா என்பதும் இருக்கும். இரண்டு மெஷினிலும் ஒன்றாக வையுங்கள், இல்லையென்றால் சீட் மாறி உட்காரும் அன்று கை தடுமாறும்.


கீழமாசி_கணக்கு:

அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. 'ஆன் கரன்ட்'டில் தேதி வரி இருந்தது உண்மைதான், எடுத்துவிட்டேன். நம்லாக்கும் அதேதான்.

எஃப்5 முதல் எஃப்8 வரை வைத்துவிட்டேன். இப்போது இரண்டு சந்தேகம். எஃப்6 சில பில்லில் வேலை செய்கிறது, சிலதில் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. அப்புறம், பார்ட்டி பக்கத்தின் கடைசி ஃபீல்டில் டேப் அடித்தால் தானாகச் சரக்குக்குப் போகவேண்டும் என்று 'ஆன் எக்ஸிட்'டில் செட்ஃபோகஸ் எழுதினேன். டேப்புக்குப் போகிறது. ஆனால் ஷிஃப்ட்+டேப் அடித்துப் பின்னால் போனாலும், மவுஸால் வேறு ஃபீல்டைத் தொட்டாலும் சரக்குக்கே இழுத்துக்கொண்டு போகிறது.


பரங்குன்றம்_டிபி பதில்:

இரண்டாவது முதலில். எக்ஸிட் ஈவென்டுக்கு நீங்கள் எப்படி வெளியேறினீர்கள் என்று தெரியாது. டேப், ஷிஃப்ட்+டேப், மவுஸ் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அந்தக் கோடை எடுத்துவிட்டு, கடைசி ஃபீல்டின் சொந்த 'ஆன் கீ டவுன்'னில் எழுதுங்கள். ஷிஃப்ட் 0 ஆகவும், கீகோட் 9 அல்லது 13 ஆகவும் இருந்தால் கீகோட் 0, பிறகு சரக்குக்கு செட்ஃபோகஸ். 9 டேப், 13 என்டர். ஷிஃப்ட்+டேப் வந்தால் ஷிஃப்ட் மதிப்பு 1, அதனால் கோட் கண்டுகொள்ளாது, இயல்பாகப் பின்னால் போகும்.

சிலர் பக்கத்தின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து, அதற்கு ஃபோகஸ் வந்ததும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஓடும். ஆனால் அது டேப் வரிசையில் நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டால் உங்களுக்கு இப்போது நடப்பதுதான் நடக்கும்.

கடைசி ஃபீல்டாகக் காம்போ வைக்காதீர்கள். பட்டியல் விரிந்திருக்கும்போது என்டருக்கு வேறு வேலை இருக்கிறது, உங்கள் கோட் அதைப் பறித்துக்கொள்ளும். செல்போன் எண் மாதிரி ஒரு டெக்ஸ்ட் பாக்ஸைக் கடைசியில் போடுங்கள். அதற்கு 'இன்புட் மாஸ்க்' பத்து பூஜ்ஜியம், பின்கோடுக்கு ஆறு பூஜ்ஜியம். பின்கோடில் 'ஆட்டோ டேப்' 'யெஸ்' ஆக்கினால் 625001 அடித்த மாத்திரத்தில் அடுத்த ஃபீல்டுக்குத் தானே போகும், டேப்பே வேண்டாம். கடைசி ஃபீல்டில் மட்டும் ஆட்டோ டேப் வேண்டாம்: அது தாவும்போது டேப் கீ அழுந்துவதில்லை, உங்கள் கோட் ஓடாது.

இப்போது எஃப்6. பிரதான ஃபார்மிலிருந்து சப்ஃபார்முக்குள் கால் வைக்கும்போது ஆக்சஸ் முதலில் பிரதான ரெக்கார்டைச் சேவ் செய்யும். பில் இல்லாமல் பில்லின் வரிகள் எப்படி இருக்கும்? பார்ட்டி பெயர் 'ரெக்வயர்டு' என்று வைத்து அது காலியாக இருந்தால் சேவ் ஆகாது, ஃபோகஸும் நகராது. கீயில் கோளாறு இல்லை, பில் முழுமையாகவில்லை. எஃப்6 அடித்ததும் முதலில் பார்ட்டி ஃபீல்டு காலியா என்று பார்த்து, காலியாக இருந்தால் அங்கேயே ஃபோகஸை நிறுத்தி ஒரு வரி எச்சரிக்கை காட்டுங்கள். ஆக்சஸ் காட்டும் ஆங்கிலப் பிழையைவிட அது புரியும். சப்ஃபார்மை விட்டு வெளியே வரும்போதும் இதே கதை, அந்த வரி சேவ் ஆனால்தான் வெளியே விடும். பாதியில் நிற்கிற வரி வேண்டாம் என்றால் எஸ்கேப் இரண்டு தடவை. முதல் எஸ்கேப் ஃபீல்டை மட்டும் திருப்பும், இரண்டாவது வரியையே ரத்து செய்யும்.

பிழை எண்ணைப் பார்த்துவிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 2110 என்றால் ஃபோகஸ் கொடுக்கும் ஃபீல்டு மறைந்திருக்கிறது அல்லது 'எனேபிள்டு' இல்லை. 2108 என்றால் 'பிஃபோர் அப்டேட்'டுக்குள் செட்ஃபோகஸ் எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஃபீல்டு இன்னும் சேவ் ஆகியிருக்காது, 'ஆஃப்டர் அப்டேட்'டுக்கு மாற்றுங்கள்.

சப்ஃபார்முக்கும் தனியாகக் 'கீ பிரிவ்யூ' 'யெஸ்' வைத்து அங்கேயும் கீடவுன் எழுதிவிடுங்கள். ஒரே கோடை இரண்டு இடத்தில் எழுதாமல், ஸ்டாண்டர்டு மாட்யூலில் ஒரு ப்ரொசீஜர் வைத்து இரண்டிலிருந்தும் கூப்பிடுங்கள். பிரதான ஃபார்ம் தன்னையே அனுப்பட்டும், சப்ஃபார்ம் தன் 'பேரன்ட்'டை அனுப்பட்டும். கீகோடை வாங்கும் இடத்தில் 'இன்டிஜர்' என்றே எழுதுங்கள். 'லாங்' என்று எழுதினால் வகை பொருந்தவில்லை என்று கம்பைலே ஆகாது. 'பைவால்' என்றும் போடாதீர்கள். போட்டால் ப்ரொசீஜருக்குள் 0 ஆக்குவது நகலைத்தான், அசல் கீ அப்படியே ஆக்சஸுக்குப் போய்விடும், ஸ்பெல்லிங் ஜன்னல் மறுபடி வரும்.


வைகைக்கரை பதில்:

தமிழ்த் தலைப்பு என்று சொன்னதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. பக்கத்தின் 'கேப்ஷன்'னில் ஓர் எழுத்துக்கு முன்னால் ஆம்பர்சேண்ட் குறி போட்டால் ஆல்ட்டோடு அந்த எழுத்தை அடித்துப் பக்கம் மாற்றலாம், கோடே வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அது அருமையான வழி. தமிழ்99-ல் அடித்துக்கொண்டிருப்பவர் பார்ட்டி பெயரைத் தமிழிலும் லாரி நம்பரை ஆங்கிலத்திலும் மாறி மாறி அடிப்பார். எந்த நேரம் எந்தக் கீபோர்டு என்பதைப் பொறுத்து ஆல்ட் எழுத்து மாறும். போதாததற்கு இடது ஆல்ட்+ஷிஃப்ட் விண்டோஸில் மொழி மாற்றும் கீ. ஃபங்ஷன் கீக்கு இந்த வம்பு கிடையாது, எந்த மொழியில் இருந்தாலும் எஃப்6 எஃப்6-தான். மொழியை மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் பழக்குங்கள்.

கீடவுன் என்று எழுதச் சொன்னதை கீபிரஸ் என்று மாற்றிவிடாதீர்கள். கீபிரஸ் விழுகிற எழுத்தைத்தான் சொல்லும், ஃபங்ஷன் கீக்கு அது வராது.

எச்சரிக்கையைத் தமிழில் காட்ட ஆசைப்பட்டு விபிஏ ஜன்னலில் (கோட் எழுதும் இடம்) தமிழ் அடித்தால் கேள்விக்குறிகளாக விழும். அந்த எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது. விண்டோஸின் லொக்கேலை மாற்றினாலும் பலன் இல்லை, தமிழுக்குப் பழைய கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) என்று ஒன்றே கிடையாது. மெசேஜ் பாக்ஸிலும் இதே கேள்விக்குறிதான். ப்ராப்பர்ட்டி ஷீட்டுக்கு அந்தக் குறை இல்லை. அதனால் ஃபார்மில் சிவப்பு எழுத்தில் 'பார்ட்டி பெயர் இல்லை' என்று ஒரு லேபிளை டிசைனிலேயே வைத்து மறைத்துவிடுங்கள். கோடில் அதன் 'விசிபிள்'ளை மட்டும் மாற்றினால் போதும். கன்ட்ரோல் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்திலேயே வையுங்கள், தலைப்பு மட்டும் தமிழ்.

பக்கத் தலைப்பிலேயே கீயையும் எழுதிவிடுங்கள்: 'எஃப்6 சரக்கு'. புதிதாக வருகிறவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.


பழங்காநத்தம்_ரன்டைம் பதில்:

ஃபீல்டை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றும்போது இழுத்துப் போடாதீர்கள். இழுத்தால் அது பக்கத்துக்குள் போகாமல் டேப் கன்ட்ரோலின் மேல் மிதக்கும், நாலு பக்கத்திலும் தெரியும். கட் செய்து, போக வேண்டிய பக்கத்தின் தலைப்பை ஒருக்கா சொடுக்கி, பேஸ்ட். மேல் இடது மூலையில் வந்து விழும், அங்கிருந்து நகர்த்துங்கள். கட் செய்ததில் ஈவென்ட் இணைப்பு அறுந்திருக்கும். கோட் மாட்யூலில் அப்படியே இருக்கும், ஆனால் ப்ராப்பர்ட்டி ஷீட்டில் 'ஈவென்ட் ப்ரொசீஜர்' என்பது காலியாகியிருக்கும். மறுபடி தேர்ந்தெடுங்கள். கடைசியில் அந்தப் பக்கத்தின் தலைப்பை வலது சொடுக்கி 'டேப் ஆர்டர்' திறந்து வரிசையைச் சரி பாருங்கள். அதில் 'ஆட்டோ ஆர்டர்' பட்டன் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று அடுக்கும். இரண்டு பத்தியாக ஃபீல்டு வைத்திருந்தால் அது அங்கிட்டும் இங்கிட்டுமாக ஓடும், கையால் அடுக்குவதே மேல்.

இரண்டு மெஷினிலும் ஒரே ஃபைலைத் திறந்து ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. டேபிள்களை மட்டும் ஒரு ஃபைலில் பொது இடத்தில் வைத்து, ஃபார்ம் இருக்கும் ஃபைலை மெஷினுக்கு ஒரு பிரதி கொடுங்கள். திருத்தத்தை உங்கள் பிரதியில் செய்து, இரவு கடை சாத்தியதும் இரண்டிலும் மாற்றி வைக்கலாம். ஏசிசிடிஈ (டிசைனைத் திருத்த முடியாதபடி பூட்டிய பிரதி) ஆக்கித் தருவதாக இருந்தால் மூல ஏசிசிடிபி ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். ஏசிசிடிஈ-யில் டிசைன் வியூ திறக்காது.


கீழமாசி_கணக்கு:

பார்ட்டி காலி சோதனையும் லேபிளும் வைத்தாச்சு. மேசை மெஷின் இரண்டிலும் நாலு கீயும் ஓடுகிறது. முதலாளியின் லேப்டாப்பில் மட்டும் எஃப்6 அடித்தால் பக்கம் மாறாமல் திரை வெளிச்சம் கூடுகிறது.


பரங்குன்றம்_டிபி பதில்:

அது லேப்டாப்பின் எஃப்என் வேலை. பல லேப்டாப்பில் மேல் வரிசை முதலில் வெளிச்சம், சத்தம் என்றுதான் இருக்கும். எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு எஃப்6 அடித்துப் பாருங்கள், பக்கம் மாறினால் அதுதான். நிரந்தரமாக மாற்ற, எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் எஃப்என்+எஸ்கேப் ஒரு தடவை. இல்லையென்றால் பயாஸில் ஃபங்ஷன் கீ பற்றிய தேர்வு இருக்கும், அதை மாற்றுங்கள். பேஜ் அப், பேஜ் டவுன் தனிக் கீயாக இல்லாமல் அம்பு கீயோடு சேர்ந்திருந்தால் அடுத்த பில்லுக்குக் கன்ட்ரோல்+எஃப்என்+கீழ் அம்பு.